இல்லாத ஜுரத்தைத் தேடியவர்கள்

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் தேதி, கம்போடியாவில் ஒரு புத்த விகாரத்தில் வசித்துவந்தவர்களில் பலருக்கு ஏககாலத்தில் ஜுரமும் இருமலும் கண்டன. அந்த வருஷத்தில், உலகத்தின் எந்த மூலையிலும் பத்துப் பேர் சேர்ந்தாற்போல் இருமினால் அதற்குக் காரணம் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று படித்தவரும் பாமரரும் ஒருமிக்க நம்பியிருந்தார்கள். ஆகவே விகாரத்துக்குள்ளும் கொரோனா புகுந்துவிட்டது என்று முடிவு கட்டி, நோய் கண்டவர்களைப் பிரித்துவைத்து, விஷயத்தை அத்துடன் முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் 25-ஆம் தேதி அங்கே அனுப்பப்பட்ட குழுவினர் அப்படி அனுமானத்தோடு திருப்தியடையவில்லை. விகாரவாசிகள் 362 பேரில் 73 பேருக்கு நோய்க்குறி இருப்பதைக் கண்டார்கள். அவர்களில் 47 பேர், அங்கிருந்த எட்டு உறைவிடங்களில் மூன்றில் மட்டும் நெருக்கமாகப் படுத்து உறங்கியவர்கள் என்பதையும் விசாரித்து அறிந்தார்கள். பிறகு 40 பேரின் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து, கொரோனாவுக்கு ஒரு முறையும் இன்ஃப்ளுயன்ஸாவுக்கு ஒரு முறையும் சோதித்தார்கள். நாற்பதில் ஒருவருக்குக்கூடக் கொரோனா இல்லை. 33 பேருக்கு இருந்தது, எச்3என்2 என்ற பழைய இன்ஃப்ளுயன்ஸா.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. விகாரத்தில் நோய் வெளிப்பட்ட பிறகுதான் கம்போடிய அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள் என்பதில்லை. அதற்கு முந்திய மாதமான ஜூலையிலேயே, அந்நாட்டின் வழக்கமான கண்காணிப்பு ஆஸ்பத்திரிகளில் இந்த வைரஸ் அகப்பட்டிருந்தது. கொரோனா என்னும் பெருந்தொற்று அரசாங்கங்களின் கவனத்தையும் பணத்தையும் வைத்தியர்களின் உறக்கத்தையும் ஒருசேர விழுங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், செல்வமும் வசதியும் அதிகமில்லாத ஒரு தேசம், வாரந்தோறும் செய்துவந்த பழைய வேலையைக் கைவிடாமல் செய்துகொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

அதே சமயத்தில் உலகத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து வந்துகொண்டிருந்த தகவல்கள் வைத்திய சாஸ்திரம் அதுவரை கண்டிராதவை. தென் கோளத்தில் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான மாதங்கள் இன்ஃப்ளுயன்ஸாவின் பருவத்தைச் சேர்ந்தவை. 2017 முதல் 2019 வரையிலான மூன்று வருஷங்களில் அந்த மாதங்களில் ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலும் சோதித்த மாதிரிகளில் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல் இன்ஃப்ளுயன்ஸா இருந்தது. 2020-இல் அதே மாதங்களில் ஆஸ்திரேலியாவில் 60,031 மாதிரிகளைச் சோதித்ததில் 33. சிலியில் 21,178-இல் 12. தென்னாப்பிரிக்காவில் 2,098-இல் 6. மூன்று தேசங்களிலுமாகச் சேர்ந்து 51 பேர்! அந்த 60,031 என்ற எண்ணை வாசகர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். 33 என்ற எண்ணுக்கு உயிர் கொடுப்பது அதுதான். அறுபதினாயிரம் முறை தேடிய பிறகு ‘இல்லை’ என்று சொல்வதற்கும், தேடாமலே இருந்துவிட்டு ‘இல்லை’ என்று சொல்வதற்கும் காகிதத்தில் வித்தியாசம் தெரியாது. இரண்டு இடத்திலும் பூஜ்யமோ அதற்கு அண்மையான எண்ணோதான் எழுதியிருக்கும். ஆனால் முன்னது அறிவு, பின்னது அறியாமை. பெருந்தொற்றுக் காலத்தில் இன்ஃப்ளுயன்ஸாக் கண்காணிப்பை நடத்தியவர்கள் பட்ட பாடு முழுவதும் இந்த முன்னதைப் பின்னதாக மாறிவிடாமல் காப்பதற்கே என்று நான் கருதுகிறேன்.

கண்காணிப்பு என்பது ஜுரம் வந்த ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சோதிப்பதன்று. அது எந்த அரசாங்கத்தாலும் ஆகாத காரியம். ஒரு நாட்டில் சில ஆஸ்பத்திரிகளையும் மருந்தகங்களையும் தேர்ந்தெடுத்து, அங்கே வருகிற நோயாளிகளில் குறிப்பிட்ட லக்ஷணங்கள் உள்ள சிலரிடம் மட்டும், வாரந்தோறும் ஒரே முறையில் மாதிரி எடுப்பார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள லக்ஷணமாவது: 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத ஜுரம், அத்துடன் இருமல், இரண்டும் பத்து நாட்களுக்குள் தொடங்கியவை. ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கவேண்டிய அளவுக்கு நோய் கடுமையானால் அது தனிக் கணக்கு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் கண்ட உண்மை; ஆனால் அந்தப் பதம் செல்லுபடியாக வேண்டுமானால் எப்போதும் அதே பானையில், அதே முறையில், கை போன போக்கில் அல்லாமல் நிதானமாக எடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு வாரம் குழந்தைகளிடமும் மறுவாரம் முதியவர்களிடமும், ஒரு மாதம் நகரத்திலும் மறுமாதம் கிராமத்திலும் எடுத்தால், ஏற்றமும் இறக்கமும் நோயினுடையவையா, எடுத்தவர் கையினுடையவையா என்று தெரியாது.

இவ்வாறு எடுத்த மாதிரிகள் அந்தந்த நாட்டின் தேசிய இன்ஃப்ளுயன்ஸா நிலையத்துக்குச் செல்கின்றன. 1952-இல் உலக சுகாதார ஸ்தாபனம் நிறுவிய இந்த வலையமைப்பில் இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகள் அங்கம் வகிக்கின்றன. அவற்றுக்கு மேலே அட்லாண்டா, லண்டன், மெல்போர்ன், டோக்கியோ, பீஜிங் ஆகிய நகரங்களில் பெரிய ஆராய்ச்சி நிலையங்களும், பிராணிகளிடத்தும் பறவைகளிடத்தும் உள்ள இன்ஃப்ளுயன்ஸாவுக்கென்று மெம்பிஸ் நகரத்தில் ஒன்றும் உள்ளன. நம் நாட்டின் இன்ஃப்ளுயன்ஸா நிலையம் ஆதியில் இருந்தது நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் என்பதைத் தமிழர்களில் பலர் அறியமாட்டார்கள். 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலின் மூலம் ‘ஆசிய ஃப்ளூ’ இந்தியாவுக்குள் அடியெடுத்து வைத்தபோது, அதை ஆராய்ந்து, தேசம் முழுவதும் அது பரவிய விதத்தை வரிசைப்படுத்தி உலகுக்கு எழுதி வைத்தவர் குன்னூர் நிலையத்தின் டாக்டர் ஐ. ஜி. கே. மேனன். அடுத்த வருஷம் பிப்ரவரிக்குள் இந்தியாவில் 44 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த ஜுரம் வந்ததாகப் பதிவாயிற்று. அதே 1957-இல் ஏப்ரல் 17-ஆம் தேதி, ஹாங்காங்கில் ஆயிரக்கணக்கானோர் வைத்தியத்துக்குக் காத்து நிற்கிறார்கள் என்ற செய்தியை நியூயார்க் பத்திரிகையொன்றில் படித்த மாரிஸ் ஹில்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இது ஒரு புதிய இன்ஃப்ளுயன்ஸாவாக இருக்கவேண்டும் என்று ஊகித்து மாதிரி வரவழைத்தார். அந்த வைரஸ் அகப்பட்டதனால்தான் அந்த வருஷ இலையுதிர் காலத்துக்குள் அமெரிக்காவில் தடுப்பூசி தயாராக முடிந்தது. வலையமைப்பு நிறுவி ஐந்தாண்டு ஆகியிருந்தும், ஒரு மனிதர் பத்திரிகை படித்ததைச் சார்ந்து ஒரு தேசத்தின் பாதுகாப்பு இருந்தது என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. அதன் பின் வந்த ஐம்பது வருஷங்களில் அந்த நிலை மாறியிருந்தது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் பெற்ற வைரஸை, கலிபோர்னியாவில் இரண்டு குழந்தைகளின் சாதாரண ஜுர மாதிரிகளிலிருந்து கண்டுபிடித்தார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் நடப்பதையும் ஓரளவு அருகில் சென்று பார்ப்போம். பி.சி.ஆர். இயந்திரம் இது இன்ஃப்ளுயன்ஸாவா, எந்த வகை என்று சொல்லிவிடும். இந்த வருஷத்து வைரஸ் சென்ற வருஷத்துத் தடுப்பூசிக்குக் கட்டுப்படுமா என்ற கேள்விக்கு மட்டும் வேறு சோதனை வேண்டும். எட்டு வரிசையும் பன்னிரண்டு பத்தியுமாக 96 சிறு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்துக்கொள்வார்கள். வான்கோழி அல்லது கினிப் பன்றியின் சிவப்பணுக்களை ஒரு குழியில் விட்டால், அவை மெல்ல அடியில் தங்கி ஒரு தெளிவான சிவப்புப் புள்ளியாக நிற்கும். இன்ஃப்ளுயன்ஸா வைரஸ் உடன் இருந்தால், அது அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதனால் புள்ளி உண்டாகாது. குழி முழுவதும் மங்கிய சிவப்பாய்ப் பரந்து நிற்கும். ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் 1941-இல் கண்ட விஷயம் இது. இனி, பழைய வைரஸை முன்பே அனுபவித்த ஃபெரட் என்ற சிறு பிராணியின் இரத்த நீரைப் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு, நாற்பதில் ஒரு பங்கு என்று பாதி பாதியாக நீர்க்கச்செய்து வரிசையாகக் குழிகளில் சேர்க்கிறார்கள். அந்த இரத்த நீரில் உள்ள எதிர்ப்பொருள் புதிய வைரஸையும் இன்னதென்று அறிந்து மடக்கிவிட்டால் சிவப்புப் புள்ளி மீண்டும் தோன்றும். தட்டைச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் புள்ளி மட்டும் கீழ்நோக்கி இழையாக வழியும். எத்தனையாவது குழி வரைக்கும் வழிகிறது என்று எண்ணுவதில் இருக்கிறது, அடுத்த வருஷம் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொள்ளப்போகிற ஊசியின் யோக்கியதை. இதற்கு உயிருள்ள வைரஸ் வேண்டும். அந்த வைரஸுக்கு, யாரோ ஒரு நோயாளியின் மூக்கில் உரிய நேரத்தில் பஞ்சுக்குச்சி நுழைந்து, குளிர்ப்பெட்டியில் பத்திரமாக வந்திருக்கவேண்டும்.

2020 மார்ச்சில் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரே சமயத்தில் இளகியது. கொரோனாவைச் சோதிக்க வேண்டிய பி.சி.ஆர். இயந்திரங்களும் அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் பெரும்பாலான தேசங்களில் இருந்த இடம் இன்ஃப்ளுயன்ஸா நிலையம்தான். ஆகவே அவர்கள் எல்லோரும் இரவு பகலாகப் புதிய வேலைக்கு இழுக்கப்பட்டார்கள். பஞ்சுக்குச்சிக்கும் மாதிரிக் குழாய்க்கும் ரசாயனங்களுக்கும் உலகம் முழுவதும் பஞ்சம் வந்தது. விமானங்கள் நின்றதனால், வைரஸை உறைபனியில் வைத்து மேல்நிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பும் வழி அடைபட்டது. நோயாளிகளோ, வழக்கமாகப் போகும் மருந்தகத்துக்குப் போகாமல், பயத்தினால் வீட்டிலேயே கிடந்தார்கள், அல்லது தொலைபேசியில் வைத்தியரிடம் பேசிக்கொண்டார்கள், அல்லது ஜுரத்துக்கென்று புதிதாகத் திறந்த தனிக் கொட்டகைகளுக்குப் போனார்கள். எந்த ஆஸ்பத்திரியைக் கண்காணிப்புக்கென்று பல வருஷமாகப் பழக்கியிருந்தார்களோ அந்த ஆஸ்பத்திரி வெறிச்சோடியது. எவருடைய அலட்சியமும் இதற்குக் காரணமன்று. இருப்பினும் விளைவு விளைவுதான்.

அமெரிக்காவின் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2019 செப்டம்பர் இறுதியிலிருந்து 2020 பிப்ரவரி முடிய, அங்கே வாரத்துக்கு ஏறக்குறைய 49,700 மாதிரிகள் இன்ஃப்ளுயன்ஸாவுக்குச் சோதிக்கப்பட்டன. மார்ச்சு முதல் மே மாத நடு வரையில் அது ஏறக்குறைய 19,500 ஆகக் குறைந்தது. அதாவது தேடுவது 61 சதவிகிதம் குறைந்தது. அவ்வளவோடு நின்றிருந்தால், நோய் குறைந்ததா, தேடல் குறைந்ததா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் சோதித்த மாதிரிகளில் இன்ஃப்ளுயன்ஸா உள்ளவற்றின் விகிதமும் 19 சதவிகிதத்திலிருந்து 0.33-க்கு வீழ்ந்தது. விகிதம் வீழ்ந்தது உண்மையான வீழ்ச்சி. அடுத்த குளிர்காலத்துக்குள் அமெரிக்கர்கள் தேடலை மீண்டும் உயர்த்திவிட்டார்கள். 2020 செப்டம்பர் இறுதி முதல் 2021 மே வரை அவர்களுடைய ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடங்கள் 8,18,939 மாதிரிகளைச் சோதித்து, 1,675-இல் மட்டும் இன்ஃப்ளுயன்ஸாவைக் கண்டன. அதற்கு முந்திய பருவத்தில் இன்ஃப்ளுயன்ஸாவினால் இறந்ததாக அறிவிக்கப்பட்ட குழந்தைகள் 199; அந்தப் பருவத்தில் ஒரே குழந்தை.

கொரோனா ஓயாதபோது இன்ஃப்ளுயன்ஸா மட்டும் ஏன் மறைந்தது என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. சாதாரணப் பருவத்தில் ஒரு இன்ஃப்ளுயன்ஸா நோயாளி சராசரியாக ஒன்றேகால், ஒன்றரைப் பேருக்குத்தான் நோயைக் கொடுக்கிறார். கொரோனா ஆரம்பத்தில் இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்தது. முகக்கவசம், மூடிய பள்ளிக்கூடம், நின்றுபோன விமானம் இவை எல்லாம் சேர்ந்து பரவலைப் பாதியாக்கினால், மூன்று ஒன்றரையாகும், தொற்று தொடரும். ஒன்றேகால் ஒன்றுக்குக் கீழே போகும், தொற்று அணையும். பள்ளிக் குழந்தைகளே இன்ஃப்ளுயன்ஸாவின் பிரதான வாகனம் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணவேண்டும். ஒரு வைரஸ் இருக்குமிடத்தில் மற்றொன்றை வளரவிடுவதில்லை என்ற கருத்தும் உண்டு. அது இன்னும் விவாதத்துக்குரியதாகவே இருக்கிறது. அணைந்தது என்றாலும் அடியோடு அணையவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலும், தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலும் அந்தத் தணல் கனன்றுகொண்டே இருந்தது.

பழைய கண்காணிப்பு புதிய நோய்க்கு இடைஞ்சலாக இருந்தது என்று நினைப்பது பெரும் பிழை. முதன்முதலில் கொரோனாவைக் காட்டிக் கொடுத்ததே பல இடங்களில் இதுதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், இன்ஃப்ளுயன்ஸா ஆராய்ச்சிக்கென்று பொதுமக்களிடம் மூக்கு மாதிரிகளைச் சேகரித்துவந்த டாக்டர் ஹெலன் சூ என்பவரும் அவருடைய சகாக்களும், 2020 பிப்ரவரி கடைசி வாரத்தில், உரிய அனுமதிக்குக் காத்துச் சலித்து, அந்த மாதிரிகளைக் கொரோனாவுக்குச் சோதித்தார்கள். வெளியூர்ப் பிரயாணமே செய்யாத ஒரு பள்ளி மாணவருக்கு நோய் இருப்பது தெரிந்தது. அதாவது அந்தப் பகுதியில் தொற்று ஏற்கெனவே சமூகத்துக்குள் பரவியிருந்தது. அந்தப் பரிசோதனைக்கூடம் ஆராய்ச்சிக்கு உரியதே அன்றி நோயாளிகளுக்கு முடிவு சொல்லும் சான்று பெற்றதன்று என்று அதிகாரிகள் சோதனையை நிறுத்தச் சொன்னார்கள். விதி அப்படி இருந்தது உண்மைதான், எனினும் அவர் செய்ததே சரி என்பது என் அபிப்பிராயம். நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், கடுமையான சுவாச நோயுடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் 5,911 பேரை 2020 பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 2 வரை சோதித்தது. 104 பேருக்குக் கொரோனா இருந்தது; அவர்களில் 40 பேர் வெளிநாடு சென்றவர்களும் அல்லர், நோயாளியோடு பழகியதாகத் தெரிந்தவர்களும் அல்லர். தொற்று வெளியூரிலிருந்து வந்தவர்களோடு நிற்கிறதா, ஊருக்குள் இறங்கிவிட்டதா என்ற அந்த நாளைய விவாதத்தில், வாதத்தை விட்டு ஆதாரத்தைக் கையில் கொடுத்தது இந்தக் கண்காணிப்பு.

இதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சு மாதத்திலேயே இன்ஃப்ளுயன்ஸா வலையமைப்பைக் கொரோனாவுக்கும் பயன்படுத்துமாறு யோசனை சொல்லியது. பிறகு நவம்பரில், கொரோனாவைக் கவனிக்கும்போது இன்ஃப்ளுயன்ஸாவைக் கைவிடவேண்டாம் என்று விரிவான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் சாரம் எளியது: ஒரே நோயாளியிடம் எடுத்த ஒரே மாதிரியை இரண்டு வைரஸுக்கும் சோதியுங்கள். சொல்ல எளியது, செய்யப் பல சங்கடங்கள். கொரோனா நோயாளிகளில் பலருக்கு ஜுரமே இருப்பதில்லை; ஆகவே ஜுரத்தை வைத்து வகுத்த பழைய லக்ஷணத்தைத் தளர்த்தினால் கொரோனா நன்றாக அகப்படும், ஆனால் சென்ற வருஷங்களின் இன்ஃப்ளுயன்ஸாக் கணக்கோடு ஒப்பிடும் தகுதி போய்விடும். தளர்த்துகிறவர்கள், ஜுரம் இருந்ததா என்று ஒவ்வொரு நோயாளிக்கும் தனியே குறித்துவைத்தால் இரண்டு கணக்கையும் காப்பாற்றலாம். ஒரு சிறு கட்டத்தைப் படிவத்தில் சேர்ப்பதுதான் வேலை, ஆனால் நெரிசலான புறநோயாளிப் பிரிவில் நின்றுகொண்டு அந்தக் கட்டத்தைத் தவறாமல் நிரப்புகிற நர்ஸின் பொறுமையை நம்பி நிற்கும் வேலை. கண்காணிப்பு ஆஸ்பத்திரியின் கணக்கையும், விமான நிலையத்திலும் தொழிற்சாலை வாசலிலும் கூட்டம் கூட்டமாகச் செய்த சோதனையின் கணக்கையும் கலக்கக்கூடாது என்பது மற்றொன்று. நோய்க்குறியே இல்லாத பல்லாயிரம் பேரைப் பகுதியெண்ணில் சேர்த்துவிட்டால் விகிதம் தானாக இறங்கும், நோய் இறங்கியது என்று ஏமாந்துபோவோம்.

இரட்டை வேலையைச் சுருக்கப் புதிய கருவியும் வந்தது. 2020 ஜூலையில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், இன்ஃப்ளுயன்ஸா ஏ, பி, கொரோனா ஆகிய மூன்றையும் ஒரே சோதனையில் பிரித்தறியும் பி.சி.ஆர். முறைக்கு அவசர அனுமதி பெற்றது. ஒரு வருஷம் கழித்து, கொரோனாவை மட்டும் அறியும் தன் பழைய சோதனையை அந்த மையம் விலக்கிக்கொள்ளப் போவதாகவும், இரண்டையும் அறியும் முறைக்குப் பரிசோதனைக்கூடங்கள் மாறவேண்டும் என்றும் அறிவித்தபோது, ‘பழைய சோதனைக்கு ஃப்ளூவும் கொரோனாவும் ஒன்றாகவே தெரிந்தன, ஃப்ளூ நோயாளிகளைத்தான் கொரோனா என்று எண்ணிவிட்டார்கள்’ என்று உலகம் முழுவதும் வதந்தி பரவியது. அது முற்றிலும் பொய். பழைய சோதனை இன்ஃப்ளுயன்ஸாவைக் கொரோனா என்று காட்டவில்லை. இன்ஃப்ளுயன்ஸாவைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது, அவ்வளவே. ஃப்ளூ மறைந்துபோனதற்குச் சாட்சியாக, அதற்கென்றே தனியாகச் சோதித்த லட்சக்கணக்கான மாதிரிகள் கையில் இருந்தன என்பதனால்தான் அந்தப் பொய்யை ஆதாரத்தோடு மறுக்க முடிந்தது.

வைரஸ் அருகிப்போனதன் மெய்யான கஷ்டம் 2021 பிப்ரவரியில் தெரிந்தது. முட்டையில் வைரஸை வளர்த்துத் தடுப்பூசி தயாரிக்க ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கிறபடியால், அடுத்த குளிர்காலத்துக்கு எந்த வைரஸைச் சேர்ப்பது என்பதை வட கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் கோளத்துக்குச் செப்டம்பரிலும் நிபுணர்கள் கூடி நிர்ணயிக்கிறார்கள். வழக்கமாக ஆயிரக்கணக்கான வைரஸ்கள் மேஜைமேல் இருக்கும். அந்தப் பிப்ரவரியில் இருந்தவை மிகச் சொற்பம். இருந்தவற்றிலிருந்து எச்3என்2-க்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வைரஸின் பெயரில் கம்போடியாவும் 2020-உம் இருக்கின்றன. அந்நாட்டவர் அந்த வருஷம் தேடலை நிறுத்தியிருந்தால் அந்தப் பெயர் பட்டியலில் ஏறியிராது. தேர்வு முழு வெற்றி பெற்றது என்று சொல்வதற்கில்லை. எச்3என்2 அப்போதே இரண்டு கிளையாகப் பிரிந்திருந்தது. ஒரு கிளையைத் தேர்ந்தெடுக்க, மற்றக் கிளை ஓங்கிவிட்டது. 2021 அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் 745 பேருக்கு அந்த மற்றக் கிளை தொற்றியது. அந்தப் பருவத்தின் இடைக்கால மதிப்பீட்டில் ஊசியின் பலன் 16 சதவிகிதம்தான் என்று கண்டார்கள், பிறகு வந்த மதிப்பீடுகள் சற்றே மேலானவை. செப்டம்பர் கூட்டத்திலேயே நிபுணர்கள் தேர்வை மாற்றிவிட்டிருந்தார்கள். ஆனால் வட கோளத்து ஊசிகள் அதற்குள் தயாராகிவிட்டன. உலகத்தின் சில முனைகளிலிருந்து மட்டும் மாதிரி வந்தால் நேரும் கஷ்டத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

பறவைகளின் இன்ஃப்ளுயன்ஸாவும் கொரோனாவுக்காகக் காத்திருக்கவில்லை. 2020 டிசம்பரில் ரஷ்யாவின் அஸ்திரகான் பிரதேசத்தில் ஒரு கோழிப்பண்ணையில் எச்5என்8 வந்தது. அங்கே வேலை செய்த ஏழு பேரிடமும் அது இருந்ததை ரஷ்யா 2021 பிப்ரவரியில் அறிவித்தது, மனிதரிடம் அவ்வகை காணப்பட்டது அதுவே முதல் தடவை. அதே வருஷம் ஜூலையில் டெல்லியில் இறந்த பதினொரு வயதுச் சிறுவனுக்கு எச்5என்1 இருந்தது உறுதியாயிற்று. இந்தியாவில் பதிவான முதல் மனித நோயாளி அவன். கொரோனா இல்லை என்று வந்த முடிவோடு திருப்தியடைந்து மாதிரியை எறிந்திருந்தால் அந்தச் சாவுக்குக் காரணமே தெரிந்திராது. 2023 பிப்ரவரியில் கம்போடியாவின் பிரெ வெங் மாகாணத்திலிருந்து தலைநகரத்துக்கு வந்த பதினொரு வயதுச் சிறுமியின் மாதிரி, கடும் சுவாச நோய்க்கான கண்காணிப்பின் வழியாகவே எடுக்கப்பட்டது. சிறுமி பிழைக்கவில்லை. ஆனால் அவளுக்கு வந்தது எச்5என்1 என்பது உடனே தெரிந்தது. புனோம் பென் நகரத்துப் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே நாளில் அதன் மரபணுவைப் படித்து, அப்போது பல கண்டங்களில் பறவைகளை அழித்துக்கொண்டிருந்த வகையன்று, அந்தப் பிரதேசத்தில் வெகுகாலமாக இருந்துவரும் வகையே என்று சொல்லவும் முடிந்தது. 2014-க்குப் பிறகு அந்நாட்டில் அவளே முதல் நோயாளி. ஒன்பது வருஷம் ஒன்றும் அகப்படாதபோதும் தேடிக்கொண்டிருந்தவர்கள் கையில்தான் அந்த மாதிரி வந்து சேர்ந்தது. இப்படிப்பட்ட வேலைக்கு, ஒன்றும் அகப்படாத வருஷங்களில்தான் பணம் கொடுக்கவேண்டும் என்பதை வரவு செலவுத் திட்டம் வகுப்பவர்கள் மனத்தில் பதியவைப்பது எவ்வளவு கடினம்!

கடைசியாக, உண்மையிலேயே போய்விட்டதாகத் தோன்றும் ஒரு வைரஸைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்ஃப்ளுயன்ஸா பி வகையில் விக்டோரியா, யமகட்டா என்று இரண்டு வம்சங்கள் இருந்தன. இரண்டுக்கும் சேர்த்தே நான்கு வகை வைரஸ் கொண்ட ஊசிகளைப் பல நாடுகள் போட்டுவந்தன. 2020 மார்ச்சுக்குப் பிறகு யமகட்டா வம்சம் எங்கும் உறுதியாக அகப்படவில்லை. அது மறைந்ததா, மறைந்திருக்கிறதா என்று ஓரிரு வருஷத்தில் யாரும் தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை. மூன்றரை வருஷம் பல நாடுகளில் பி வகை மாதிரிகளை எடுத்து வம்சம் பார்த்த பிறகே, 2023 செப்டம்பரில், யமகட்டாவைத் தடுப்பூசியில் இனிச் சேர்க்கவேண்டியதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் அபிப்பிராயம் தெரிவித்தார்கள்; 2024-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து அமெரிக்காவின் ஊசிகள் மூன்று வகையாகக் குறைந்தன. இடையே யமகட்டா அகப்பட்டதாகச் சில அறிக்கைகள் வராமல் இல்லை. அவற்றைத் துருவிப் பார்த்தபோது, மூக்கில் தெளிக்கும் உயிர்த் தடுப்பூசியை அண்மையில் போட்டுக்கொண்டவர்களின் மூக்கில் தங்கியிருந்த தடுப்பூசி வைரஸே அது என்று சிலவற்றில் தெரிந்தது. பி வகை மாதிரிகளுக்கு வம்சம் பார்க்கும் வேலையை நிறுத்தவேண்டாம் என்றுதான் தேசிய நிலையங்களுக்கு இன்றும் சொல்லப்படுகிறது.